வீட்டில் ஆக்கும் ஆடை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவு இன்றும் பெரும்பாலான இல்லங்களில் இல்லத்தாராலேயே சமைக்கப்படுகின்றது. உறையுளை அமைப்பதற்கு மேசனும் தச்சனும் வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். உடையோ பல நாடுகளில் உணவைப் போலவே வீட்டில் ஆகி வந்தது. இன்று கடையில் ஆயத்தமாகக் கிடைக்கின்றது. ஒருவர் தமக்கும் தம் குடும்பத்தார்க்கும் வேண்டிய ஆடையைத் தாமே தைத்தும் பின்னியும் கொள்ளுதல் நெடுங்காலம் தேவையாயிருந்தது, பின்னர்ச் சிக்கனமாயிற்று, இப்பொழுது பொழுதுபோக்காகக் கருதப்படுகின்றது. துணியும் நூலும் வாங்கி வீட்டில் தைக்கும் சட்டைக்குக் கடைச் சட்டையிலும் கூடிய பணம் செலவாவதும் உண்டு. அவ்வாறாயின் இக்கலையைப் பேணுதல் வீண் முயற்சியோ என்னும் வினா எழுவது இயல்பே. இவ்வினாவுக்கு விடை காண வேண்டின், தையலும் பின்னலும் எத்தகைய தொழில்கள், அவை எவ்வாறு வீட்டினின்றும் ஆலைக்குச் சென்றன, ஒரு நெருக்கடிக் காலத்தில் எவ்வாறு மீண்டும் வீட்டுக்கு வந்தன என்பவற்றை முறையே நோக்குதல் வேண்டும்.

இருவகைத் தொழில்கள்

தைத்தல் என்பது பொருத்துதல். முன்னரே நெய்யப்பட்ட துணியை வெட்டி, வெட்டிய துண்டுகளை உடலின் வடிவுக்கு ஏற்ப இணைப்பதே தையல். பழந்தமிழர் இதனைத் துன்னம் என்றனர். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரைக் கூறுமிடத்துத் துன்னகாரரையும் சேர்த்துக் கூறுகின்றது. எனவே தைத்த ஆடை தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும் தமிழர் பெருவழக்காக உடுத்த வேட்டியும் சேலையும் தறியிலிருந்து இறங்கியவாறே உடலில் ஏறுவன; கத்தரியும் ஊசியும் வேண்டாதன. வெப்பம் மிக்க நாட்டில் காற்று உட்புகுமாறு சுற்றி உடுத்தலே நலம். குளிர் மிக்க நாட்டிலோ உடலின் வெப்பம் வெளியேறாதவாறு கையையும் காலையும் தனித்தனியே உறையிடல் வேண்டும். ஆதலின் ஊசியின் வரலாறு குளிர்நாடுகளிலேயே மிகத் தொன்மையாகக் காணப்படுகின்றது. சைபீரியாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்பு ஊசிகள் 40,000 ஆண்டுகட்குக் குறையாத பழமையுடையன என்பர். காதுடைய அவ்வூசிகளைக் கொண்டு அக்காலத்தார் விலங்குத் தோல்களைத் தைத்து அணிந்தனர்.

பின்னல் இதனின் வேறுபட்டது. நெசவில் பாவு என்றும் ஊடை என்றும் இருவகை இழைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும். பின்னலில் ஓடுவது ஒரே நூல். அந்நூலில் ஒரு கண்ணி அமைத்து, அக்கண்ணியினூடாக அந்நூலையே இழுத்து மற்றொரு கண்ணி ஆக்குவர். இவ்வாறு வரிசை வரிசையாகக் கண்ணிகள் ஒன்றில் ஒன்று தங்கி நிற்கும். கண்ணியை முன்புறமாக இழுத்தல், பின்புறமாக இழுத்தல் என்னும் இரண்டே செயல்களால் எல்லாப் பின்னல் வகைகளும் தோன்றுகின்றன. ஒன்றின் முன்பக்கம் மற்றதன் பின்பக்கமேயாம். இவ்விரண்டையும் நிரல் நிரலாக மாற்றிப் பின்னினால் மேடும் பள்ளமுமாகிய வரைகள் உண்டாகும். அவை நன்கு விரிந்து சுருங்குவதால் கழுத்துப் பட்டிக்கும் கைமுனைக்கும் உகந்தன.

இவ்வேறுபாட்டினின்றும் மூன்று விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, பின்னலாடை நெகிழும். நெய்த துணி அவ்வளவு நெகிழாது. இரண்டாவது, பின்னுபவர் துணியையும் ஆடையையும் ஒருங்கே ஆக்குகின்றார். காலுறையின் குதிப்பகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கணுக்காலிலிருந்து குழாய்போல் இறங்கும் பின்னல் குதிக்காலிலே திரும்பிப் பாதத்தை நோக்கிச் செல்லவேண்டும். இதற்காகக் கண்ணிகளுட் பாதியை ஊசியில் நிறுத்திவைத்து, மற்றப் பாதியை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி ஒரு மடல் ஆக்குவர். மடலின் அடியிலே கண்ணிகளைப் படிப்படியாகக் குறைத்துக் கிண்ணம் போன்ற குழிவு உண்டாக்குவர். பின்னர் மடலின் இரு விளிம்புகளிலும் புதிய கண்ணிகளை எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து மீண்டும் வட்டமாகப் பின்னுவர். கத்தரி படாமலே வளைந்த உருவம் ஒன்று கிடைத்துவிடுகின்றது. மூன்றாவது, பின்னலைக் குலைத்தால் நூல் மீண்டும் நூலாகவே கைக்கு வரும். வெட்டிய துணியோ மீளாது. பெரிய துணி சிறிதாகலாம். சிறிய துணி பெரிதாதல் இல்லை. தையற்காரர் வெட்டுமுன் ஒருமுறைக்கு இருமுறை அளப்பதும், துணியின் பாவு செல்லும் திசையைப் பார்ப்பதும், தையலுக்கென ஓரத்தில் மிகை விடுவதும் இக்காரணத்தாலேயே.

பின்னலும் அதனைப் பின்னியோரும்

எகிப்திலே கிடைத்த, நீலமும் வெள்ளையுமாகிய பருத்திக் காலுறைகள் இன்றுள்ள பின்னல்களுள் மிகப் பழையனவற்றைச் சேர்ந்தவை. அவை ஏறக்குறைய 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. இசுப்பெயினில் 1275இல் இறந்த அரசகுமாரர் ஒருவரின் கல்லறையிலே நுண்ணிய பின்னலால் ஆகிய தலையணை உறைகள் காணப்பட்டன. 1400ஆம் ஆண்டையொட்டி யேர்மனியில் பேட்றம் என்னும் ஓவியர் தீட்டிய பலிபீட ஓவியம் ஒன்றிலே, மேரியன்னை குழந்தை இயேசுவுக்காகச் சட்டையொன்றைப் பல ஊசிகளில் வட்டமாகப் பின்னும் காட்சி காணப்படுகின்றது. தாய் தன் குழந்தைக்கு ஆடை பின்னுதல் அக்காலத்திலேயே பழக்கமான இல்லக்காட்சியாயிருந்தது என்பதற்கு இவ்வோவியம் சான்றாகும்.

பின்னல் பெண்டிர்க்கே உரியது என்னும் எண்ணம் வரலாற்றுக்கு ஒத்ததன்று. பெரு நாட்டிலே திற்றிக்காக்கா ஏரியிலுள்ள தாக்கிலே என்னும் தீவில் ஆடவரே தொப்பி பின்னுகின்றனர். சிறுவர் இளமையிலேயே இதனைக் கற்றுக்கொள்கின்றனர். ஒருவர் மணமானவரா ஆகாதவரா என்பதை அவர் அணியும் தொப்பியே காட்டிவிடும். இத்தீவின் ஆடைக்கலை 2005ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் சிறப்புப் பெற்றது.

வீட்டுப் பின்னல் வயிற்றுப்பாட்டுக்கும் உரியதாயிருந்தது. இசுக்கொத்துலாந்துக்கு வடக்கேயுள்ள செற்லாந்துத் தீவுகளில் பெண்கள் முதுகிலே கரிமண் கூடையைச் சுமந்து நடக்கும்போதும் கையிலே பின்னிக்கொண்டு செல்வர். அங்குள்ள பெயர் தீவின் பின்னல் உலகப் புகழ் பெற்றது. ஒரு வரிசையில் இரண்டு நிற நூல்களை எடுத்து, வேண்டாத நிறத்தைப் பின்புறமாகக் கொண்டு செல்வதால் ஆடை இருமடங்கு தடித்துக் குளிரைத் தாங்கும். அழகும் பயனும் ஒன்றாய் அமைந்த வேலைப்பாடு அது. ஆயினும் அப்பெண்களுக்குப் பல காலம் கூலி காசாகக் கிடைக்கவில்லை. தேயிலையாகவும் துணியாகவும் வணிகர் தாம் விரும்பிய விலையிட்டுக் கொடுத்தனர். இம்முறைபற்றி விசாரித்த அரசாங்க அறிக்கை 1872இல் வெளியாயிற்று. வீட்டுக் கைத்தொழில் என்றவுடன் அமைதியும் இன்பமும் நிறைந்த ஒன்றை மனத்திற் காண்போர் இதனையும் நினைவுகூர்தல் நன்று.

கையால் பின்னிய ஆடையிலே பின்னியவரின் கை தெரியும். அயர்லாந்து நாடகாசிரியர் சிங் எழுதி 1904இல் மேடையேறிய, கடலுக்குச் செல்வோர்பற்றிய ஓரங்க நாடகத்திலே இவ்வுண்மை துயரம் தோய்ந்து வருகின்றது. கடலில் மாண்ட ஒருவனின் காலுறை வீட்டுக்கு வருகின்றது. அதனைப் பின்னிய தங்கை, தான் ஏற்றிய கண்ணிகளின் தொகையை எண்ணிப் பார்த்து, இறந்தவன் தன் தமையனே என்று தெளிகின்றாள். தான் செய்தது இன்னதென்று கண்ணிக் கணக்கினால் அறிதல் கைவேலைக்கே உரியது.

பின்னலுக்குப் பொறி வந்த காலம் பலர் எண்ணுவதினும் முற்பட்டது. இங்கிலாந்திலே நொற்றிங்காம் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ என்பவர் 1589ஆம் ஆண்டிலேயே காலுறை பின்னும் பொறியை ஆக்கினார். ஏழை மக்களின் பிழைப்புக் கெடும் என்று கூறி முதலாம் எலிசபெத்து அரசி அவருக்கு உரிமைப் பத்திரம் வழங்க மறுத்தார் என்பது மரபுவழிச் செய்தி. லீ பிரான்சுக்குச் சென்று அங்கேயே இறந்தார். அரசி அஞ்சியதாகக் கூறப்படும் நிலை இருநூறு ஆண்டுகளின் பின் வேறு வடிவில் வந்தது. கூலி குறைந்தமையாலும் தரங்கெட்ட காலுறைகள் மலிந்தமையாலும் வெகுண்ட நொற்றிங்காம் தொழிலாளர் 1811இல் பொறிகளை உடைக்கத் தொடங்கினர். பொறியை உடைப்போர்க்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் 1812இல் நிறைவேறிற்று. பிரபுக்கள் சபையிலே கவிஞர் பைரன் ஆற்றிய கன்னியுரை அச்சட்டத்தை எதிர்த்து எழுந்ததேயாம்.

தையற்பொறியின் வருகை

பின்னலினும் தையலைப் பொறியிடம் ஒப்படைத்தல் கடினமாயிருந்தது. கையால் தைப்பவர் ஊசி முழுவதையும் துணியின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்கு இழுத்து எடுப்பார். இச்செயலைப் பொறியாற் செய்விக்க முயன்றோர் பலர் தோல்வியுற்றனர். பிரான்சு நாட்டுத் தையற்காரராகிய திமோனியே என்பவர் 1830இல் உரிமைப் பத்திரம் பெற்று, பாரிசு நகரில் ஏறக்குறைய 80 பொறிகளை அமைத்துப் படைவீரர் உடைகளைத் தைத்தார். தம் தொழில் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர் 1831இல் அத்தொழிற்சாலையுட் புகுந்து பொறிகளை நொறுக்கினர்.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதேபோது பழைய நிலை போற்றத்தக்கதும் அன்று. இலண்டன் நகரிலே வாடகை அறைகளில் இரவும் பகலும் சட்டை தைத்து அரைவயிறு உண்ட பெண்களின் நிலையைப் பாடி, தோமசு கூட்டு என்னும் கவிஞர் 1843இல் 'பஞ்ச்' இதழில் வெளியிட்ட செய்யுள் ஆங்கில மக்களின் மனச்சான்றை உலுக்கியது.

அமெரிக்கரான எலியாசு கோவே 1845இல் ஆக்கிய பொறி நிமிடத்துக்கு 250 தையல் இட்டது. ஐந்து தையற்பெண்களோடு போட்டியிட்டு அது வென்றது. 1846இல் அவர் உரிமைப் பத்திரம் பெற்றார். அதன் நுட்பம் எளிதாக விளங்கத்தக்கது. ஊசியின் காது அடியில் இராமல் கூர்முனையருகே அமைந்தது. ஊசி நூலோடு துணியைத் துளைத்துச் சற்றே மேலெழும்போது துணியின் கீழே நூல் ஒரு வளையமாக நிற்கும். அவ்வளையத்தினூடாக இரண்டாவது நூலைத் தாங்கிய சிறிய ஓடம் செல்லும். இரு நூல்களும் துணியின் நடுவே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஊசி முழுவதும் மறுபுறம் செல்ல வேண்டியதில்லை. நெசவுத் தறியின் ஓடத்தைத் தையலிற் பயன்படுத்தியதே இவ்வமைப்பின் சிறப்பு எனலாம்.

1851இல் ஐசாக்கு சிங்கர் திருத்தமான பொறியொன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாததாயிருந்தமையால், 1856இல் அவருடைய கூட்டாளி எட்வேட்டு கிளாக்கு தவணை முறையிலே பணஞ் செலுத்தும் ஏற்பாட்டைத் தொடக்கினார். இன்று கட்டில் முதலாக மோட்டார் வண்டி ஈறாக எல்லாம் தவணைக்கு வாங்கப்படும் வழக்கம் பெருகியதற்குத் தையற்பொறி ஒரு முன்னோடி என்பது பலர் அறியாதது. இலங்கையிலே சிங்கர் நிறுவனம் 1877இல் கடை திறந்தது. அதற்கு முன்னரே, 1824இல் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய உடுவில் மகளிர் பாடசாலையில் எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. ஆகவே வீட்டிலே பொறி வந்திறங்கியபோது யாழ்ப்பாணத்தில் ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்கள் ஏற்கெனவே இருந்தனர்.

பொறி தந்த பயன் எத்துணையது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கத் தையற்பொறி நிறுவனமாகிய வீலர் - வில்சன் 1860களில் வெளியிட்ட பட்டியலின்படி, ஆடவர் சட்டையொன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம் சென்றது. பொறியால் தைக்க 1 மணி 16 நிமிடமே சென்றது. விற்பவரின் கணக்கு ஆதலின் சிறிது கழித்துக் கொள்ளலாம். எனினும் வேறுபாடு பெரிதே. ஒரு குடும்பத்தில் ஐவர் இருந்து ஆளுக்கு மூன்று உடை வேண்டுமாயின், கையால் தைக்கும் தாய்க்கு ஆண்டின் எத்தனை நாள்கள் ஊசியிலேயே கழிந்திருக்கும் என்பதை மாணவர் தாமே கணக்கிடலாம்.

இக்காரணத்தாலேயே பொறிகளைப் பெரிதும் ஐயுற்ற காந்தியடிகள் தையற்பொறியை மட்டும் விலக்காகக் கொண்டார். 1924இல் நிகழ்ந்த உரையாடலொன்றில், சிங்கர் தம் மனைவி ஊசியோடு படும் பாட்டைக் கண்டு அன்பினால் இப்பொறியை ஆக்கினார் என்று அவர் கூறினார். வரலாறு காட்டும் சிங்கர் பொருளீட்டலையே பெரிதும் கருதியவர். மனைவி தையல் வேலையால் குடும்பத்தைக் காத்த செய்தி கோவேயின் வாழ்க்கை வரலாற்றில் வருவது. பெயர் மாறினும் காந்தியடிகளின் கருத்து மாறவில்லை: மனிதரின் கையை வீழ்த்தாமல் அதன் சுமையைக் குறைக்கும் பொறி ஏற்கத்தக்கது என்பதே அது.

பொறி விரைவைத் தந்ததேயன்றி வெட்டும் அறிவைத் தரவில்லை. அக்குறையை நிரப்பியவர் அமெரிக்கத் தையற்காரர் எபனேசர் பற்றரிக்கு. அளவுக்கு அளவு வெவ்வேறாக வெட்டிய மெல்லிய தாள் மாதிரிகளை அவர் 1863இல் விற்கத் தொடங்கினார். தாளைத் துணிமேல் வைத்துக் குண்டூசி குத்தி, அதன் விளிம்பின்வழியே வெட்டினால் போதும். தையற்காரரின் பயிற்சிக்குட் பொதிந்திருந்த அறிவு இவ்வாறு தாளில் இறங்கி எல்லா வீடுகளுக்கும் சென்றது.

போர்க்காலப் பிரித்தானியா

பொறியும் தாளும் வந்தபின் ஆயத்த ஆடைத் தொழிலும் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை நெருங்கும்போது மேனாடுகளில் உடையை வாங்குதல் பெருகி, ஆக்குதல் குறையலாயிற்று. இந்நிலையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஆலைகள் படையுடைக்குத் திரும்பின. கப்பல்களில் பருத்திக்கும் கம்பளிக்கும் இடமில்லை. 1941ஆம் ஆண்டு யூன் மாதம் 1ஆந் தேதி பிரித்தானிய அரசாங்கம் ஆடைப் பங்கீட்டை அறிவித்தது. மக்கள் முன்கூட்டியே வாங்கிக் குவித்தலைத் தடுப்பதற்காகச் செய்தி மறைவாக வைக்கப்பட்டிருந்தது. ஆடைக்கெனப் புத்தகம் அச்சிட்டால் செய்தி கசியும் ஆதலின், உணவுப் புத்தகத்தில் மிஞ்சியிருந்த மாசரின் கூப்பன்களே முதலில் ஆடைக் கூப்பன்களாகக் கொள்ளப்பட்டன. அரிசிக் கூப்பனை அறிந்த இலங்கை மக்களுக்கு இம்முறையை விரித்துக் கூற வேண்டியதில்லை.

முதலாண்டில் வளர்ந்தோர் ஒருவருக்கு 66 கூப்பன்கள் கிடைத்தன. பின்னர் அத்தொகை குறைந்தது. ஆடவரின் முழு உடுப்பு ஒன்றுக்குக் கோட்டு 13, உட்கோட்டு 5, காற்சட்டை 8 என 26 கூப்பன்கள் வேண்டும். பெண்ணின் கம்பளிச் சட்டைக்கு 11. ஆடவர் சப்பாத்துக்கு 7. பணமும் தனியே கொடுக்க வேண்டும். பின்னற் கம்பளி நூலோ 2 அவுன்சுக்கு 1 கூப்பன். 12 அவுன்சு நூல் பிடிக்கும் சுவெற்றருக்கு 6 கூப்பன் சென்றது. பழைய சுவெற்றரைக் குலைத்துப் பின்னினால் ஒரு கூப்பனும் செல்லாது.

பின்னலின் மீளுந் தன்மை இங்கே அதன் முழுப் பயனையும் காட்டிற்று. தையல்களைப் பிரித்து, பின்னல் முடிந்த இடத்திலிருந்து நூலை உருவி, கதிரையின் முதுகிலே சுற்றிச் சிட்டமாக்கி, ஆங்காங்கே கட்டி, மெல்லத் தோய்த்து, சிறிய பாரம் தொங்கவிட்டு உலர்த்துவர். கண்ணியிற் கிடந்து சுருண்ட நூல் இவ்வாறு நிமிரும். முழங்கைப் பகுதியில் நைந்த நூலை ஒதுக்கி, மீந்ததோடு வேறு நிற நூலைச் சேர்த்துக் கோடிட்டுப் பின்னுவர். தந்தையின் சுவெற்றர் மகனுக்கு ஆகும். மகனுடையது குழந்தையின் தொப்பியும் காலுறையும் ஆகும்.

துணியோ சிறுகுந் தன்மையது. ஆகவே அதன் வழி வேறு. போர்முனைக்குச் சென்ற ஆடவரின் உடுப்பைப் பிரித்து மனைவியர்க்குக் கோட்டும் பாவாடையும் ஆக்கினர். வெளிப்புறம் மங்கிய துணியை உட்புறம் திருப்பித் தைத்தனர். சட்டைக் கழுத்துப் பட்டியின் மடிப்பு நைந்தால் பட்டியைக் கழற்றி மறுபக்கம் திருப்பித் தைத்து இன்னும் ஓராண்டு அணிந்தனர். போர்வைகள் குளிர்கோட்டாயின, பரசூட்டுப் பட்டு கிடைத்தவிடத்து உள்ளாடையும் மணப்பெண்ணின் உடையும் ஆயிற்று. 'உள்ளதைக் கொண்டு செய்க, செப்பனிடுக' என்னும் பொருள்பட அரசாங்கம் நடத்திய இயக்கத்தின் கைந்நூல் 1943இல் வெளிவந்தது. ஊர்தோறும் தையல் வகுப்புகள் நடந்தன. குழந்தைகள் விரைவில் வளர்வதால், சிறுத்துப்போன உடையைக் கொடுத்து அளவான உடையைப் பெறும் மாற்று நிலையங்களைப் பெண்கள் தொண்டர் சங்கத்தினர் நடத்தினர்.

1942இல் ஆயத்த ஆடைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. காற்சட்டையின் அடிமடிப்பு விலக்கப்பட்டது; பைகளுக்கும் தெறிகளுக்கும் மடிப்புகளுக்கும் எல்லை வகுக்கப்பட்டது. ஒரு தெறியும் ஓர் அங்குலத் துணியும் கணக்கிற்கு உரியன என்பதை நாடு முழுவதும் கற்றுக்கொண்டது. போர் முடிந்து நான்கு ஆண்டுகள் வரையும் இந்நிலை நீடித்து, 1949 மார்ச்சு 15இல் ஆடைப் பங்கீடு நீங்கிற்று.

அந்நாட்களில் மக்கள் துன்புற்றனர் என்பதில் ஐயமில்லை. செப்பனிட்டுச் செப்பனிட்டுச் சலித்தவர் பலர். பங்கீடு நீங்கியதை எல்லோரும் மகிழ்ச்சியோடு வரவேற்றனர். ஆயினும் ஓர் உண்மை அப்பொழுது வெளிப்பட்டது. கூப்பனும் பணமும் கையிலிருப்பினும், ஊசி பிடிக்கத் தெரியாத வீடு தெரிந்த வீட்டினும் வறியதாயிருந்தது. கைத்திறன் ஒருவகைச் செல்வம் என்பது அணிமொழியாக அன்றிக் கணக்காகவே புலனாயிற்று.

மலிவின் மறுபுறம்

இன்று நிலை தலைகீழாயிற்று. செயற்கை இழைகள் பெருகின. ஆடைத் தொழில் கூலி குறைந்த நாடுகளுக்குச் சென்றது. இலங்கையில் 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டபின் ஆடை இந்நாட்டின் தலையாய ஏற்றுமதிகளுள் ஒன்றாயிற்று. மேனாட்டுக் கடைகளில் ஆடை மிக மலிந்தது. சிலமுறை அணிந்து எறிதலும் வழக்கமாயிற்று.

ஆயத்த ஆடையைப் பொறியே ஆக்கிவிடுகின்றது என்பது பலர் எண்ணம். காலுறையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை; வில்லியம் லீ தொடக்கிய பணி இன்று ஏறக்குறையத் தானே இயங்குவதாகிவிட்டது. தைத்த ஆடையைப் பொறுத்தவரை அஃது உண்மையன்று. துணி இரும்பைப் போல் விறைத்து நிற்பதன்று. தொட்ட இடத்தில் தளர்ந்து, இழுத்த பக்கம் சாயும். இரண்டு துண்டுகளின் விளிம்பைச் சேர்த்து, வளைவுக்கு ஏற்றவாறு திருப்பி, ஊசியின்கீழ்ச் செலுத்துவதற்கு இன்னும் மனிதரின் விரல்களே வேண்டும். பொறி தைக்கின்றது, வழிநடத்துவது கை. ஆகவே கடையில் வாங்கும் சட்டையும் கையால் தைத்த சட்டையே. வீட்டுச் சட்டையில் அந்தக் கை எவருடையது என்பது தெரியும். கடைச் சட்டையில் தெரியாது. வேறுபாடு அவ்வளவே.

தெரியாத அந்தக் கைகளை உலகம் ஒருநாள் காண நேர்ந்தது. 2013 ஏப்பிரல் 24ஆந் தேதி வங்காளதேசத்திலே, தாக்கா நகரை அடுத்த சவார் என்னுமிடத்தில், ஆடைத் தொழிற்சாலைகள் பல இயங்கிய ரானா பிளாசா என்னும் எட்டுமாடிக் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இளம்பெண்கள். முதல்நாள் சுவரிலே வெடிப்புகள் கண்டும் தொழிலாளர் மறுநாள் வேலைக்கு வருமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் தைத்தவை மேனாடுகளிலே மலிவாக விற்கும் உடைகள். 1843இல் இலண்டன் வாடகை அறையில் இருந்த தையற்பெண்ணின் துன்பம் நீங்கவில்லை. இடம் மாறியது என்று கூறுதல் பொருந்தும்.

ஒருவர் தம் சட்டையைத் தாமே தைத்தலால் இத்துயர் நீங்கிவிடும் என்பது அன்று. எல்லோரும் வீட்டிலேயே தைப்பின் ஆடைத் தொழிலால் வாழும் பல இலட்சம் குடும்பங்கள் என் செய்யும் என்று கேட்பதும் நியாயமே. வீட்டுத் தையலின் பயன் வேறோரிடத்தில் உள்ளது. கழுத்துப் பட்டியொன்றை ஒழுங்காக அமைக்க ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டவர், முழுச் சட்டையொன்று அற்ப விலைக்குக் கிடைக்கும்போது மகிழ்வதோடு நில்லார். இவ்விலையில் தைத்தவர்க்கு எவ்வளவு சென்றிருக்கும் என்று கேட்பார். தையல் நெருக்கமா, மிகை போதிய அளவு விடப்பட்டுள்ளதா, தெறி இறுகத் தைக்கப்பட்டுள்ளதா என்று உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார். கிழிந்ததை எறியாமல் இழையோட்டுவார். வாங்குவோரிடத்தே இவ்வறிவு இருத்தல் செய்வோர்க்கும் நலம் பயக்கும். ஏனெனின் வேலையின் அருமை தெரியாதவிடத்தே கூலி எளிதிற் குறையும்.

பாடசாலைக்கு உரியது

மேற்கூறியவற்றால், வீட்டில் ஆடை ஆக்குதல் இன்று பணத்தை மிச்சப்படுத்தும் வழியென்று வற்புறுத்த வேண்டியதில்லை என்பதும், அதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுதலும் தகாது என்பதும் பெறப்படும். அது ஓர் அறிவுத்துறை. வளைந்த உடலைத் தட்டையான துணியால் மூடும் வகை கணிதத்தைச் சேர்ந்தது. கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் உருவம் அமைத்தல் எண்ணைச் சேர்ந்தது. இழையின் தன்மையை அறிதல் விஞ்ஞானத்தைச் சேர்ந்தது. ஒரு சட்டையின் விலையை ஆராய்தல் பொருளியலைச் சேர்ந்தது.

இவ்வறிவைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக்கி, ஆண்பிள்ளைகள் தெறியொன்று கழன்றாலும் தாயையோ தங்கையையோ எதிர்பார்த்திருக்குமாறு வளர்த்தல் இரு பாலார்க்கும் குறையே. தெருக்கோடியிலே பொறியின்முன் அமர்ந்து ஊராருக்கெல்லாம் தைத்த தையற்காரர் ஆடவரே. தாக்கிலேத் தீவின் சிறுவர் தொப்பி பின்னுதலை நாணுவதில்லை. தெறி தைத்தல், கரை மடித்தல், கிழிசலுக்கு இழையோட்டுதல், ஒட்டுப் போடுதல், நேரான தையலொன்றைப் பொறியில் இடுதல் ஆகிய ஐந்தையும் பாடசாலையை விட்டு நீங்குமுன் ஒவ்வொரு மாணவரும் கற்றுக்கொள்ளலாம். இவற்றுக்குச் சில வாரங்களே போதும். வேண்டிய பொருள்களும் சிலவே. அதன்பின் முழுச் சட்டை தைப்பதும் தைக்காமல் வாங்குவதும் அவரவர் விருப்பம். வாங்கும்போதும் அதன் பின்னாலுள்ள கையை அவர்கள் அறிந்து வாங்குவர்.